மழை தட்டிய விசை

நான் பார்க்கும்போது மட்டும் அந்தப் பெட்டி ஒழுங்காக நடந்துகொண்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் வந்ததிலிருந்து கரண்டை நிறுத்துவதும் கொடுப்பதுமாக இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அது சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக எழுந்து வந்து பச்சை விளக்கைச் சிமிட்டிக் காட்டியது. பழுதான பொருளைச் சரிசெய்துவிடலாம். எனக்குப் பழுதே இல்லை என்று சாதிக்கிற பொருளை என்ன செய்வது?

பெட்டி இருந்தது என் அண்ணன் வீட்டுப் பின்சுவரில். தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்து லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், அதுதான் கடைசி வீடு. சமையல் செய்யும் குசினிக்குப் பின்னால் துவைக்கிற கல், அதற்குப் பின்னால் கால்வாய், கால்வாயை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் மண்சரிவு, அதற்கு மேலே தேயிலை. நான் பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். சின்ன வயதில் அந்தச் சரிவில் சறுக்கி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். அப்போது அது விளையாட்டு இடம். இப்போது அதன் தோளில் ஒரு விரிசல் விட்டிருந்தது.

விரிசலைப் பார்த்த பிறகு தோட்ட நிர்வாகம் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வாங்கி மாட்டியது. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் எங்கள் சின்னக் கம்பெனிதான் அதைச் செய்து கொடுத்தது. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு லினக்ஸ் போர்டு, ஒரு குட்டிக் கணினி. சரிவின் மேலே ஒரு மழைமானி. மழை பெய்யப் பெய்ய எவ்வளவு பெய்தது என்று அது ஒயர் வழியே போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு மிஞ்சினால் போர்டு கூரை மேலிருக்கும் சைரனை ஊத வைக்கும். அந்தச் சத்தம் தேயிலை ஆலை வரைக்கும் கேட்கும்.

ஆலை வரைக்கும் கேட்பதில்தான் என் அண்ணன் உயிர் இருந்தது. அவன் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவன். கோசுக் கூடைகளின் மேல் ஏறிக் கயிறு கட்டும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அண்ணி கொழுந்து வெட்டப் போய்விடுவாள். மத்தியானம் முழுக்க அவன் ஒற்றை ஆள். மழை வருவதும் மத்தியானத்தில்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு நேபாளித் தம்பிகள் ஆலையில் வேலை செய்கிறார்கள். சைரன் கேட்டால் ஓடி வந்து, அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேட்டிலிருக்கும் கோயில் மண்டபத்துக்குப் போவதென்று ஏற்பாடு. ஒருமுறை தூக்கிப் பழகியும் பார்த்தார்கள். அண்ணன் ராஜா மாதிரி கையை ஆட்டிக்கொண்டு போனானாம்.

"ஈப்போவுக்கு வந்து என் வீட்ல இரு அண்ணே" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன்.

"அந்த வெக்கையில வெந்து சாகவா? இங்க குளுருல செத்தாலும் ஒடம்பு கெடாம இருக்கும்லா" என்றான். இவனிடம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. மழை சற்று விட்டதும் அண்ணி பின்னால் துணி அலசிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் நுழைந்திருக்கிறாள். வாசற்படியைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் மண் இறங்கித் துவைக்கிற கல்லை மூடிவிட்டது. சைரன் மூச்சுக்கூட விடவில்லை. பெட்டியில் பச்சை விளக்கும் சிமிட்டவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் பேசாமல் எரிந்துகொண்டிருந்ததாம்.

அன்று சாயங்காலம் அண்ணன் போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "ஒன் கம்பெனி பொட்டி இருக்கே, அது சுத்த ரோசாக், ஒண்ணுக்கும் ஒதவாதது. கழட்டிக் குடு, கோழிக்கூண்டா வெச்சுக்கிறேன். ஒங்க அண்ணி செத்திருப்பா, தெரியுமா?" பேச்சு நடுவில் அவன் குரல் உடைந்தது. அவன் அழுது நான் கேட்டதில்லை.

தோட்ட மேனேஜர் துரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை சரியாகாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள், ஊதாத பெட்டியை நம்பி ஜனங்கள் உட்கார்ந்திருப்பதைவிடப் பெட்டி இல்லாமலிருப்பது மேல் என்றார். நியாயமான பேச்சு. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

இப்படித்தான் நான் மடிக்கணினியும் ஒயருமாக வந்து சேர்ந்தேன். காலையில் நல்ல வெயில். அண்ணன் குசினி வாசலில் காலை ஸ்டூல் மேல் நீட்டிப்போட்டு உட்கார்ந்து என் வேலைக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னா இஞ்சினியரம்மா, பொட்டி பேசுதா?"

"பேசுது."

"ஒங்கிட்ட மட்டும் நல்லாப் பேசும்லா. நீ போனதும் வாயில கொழுக்கட்டைய வெச்சுக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது அப்படியே உண்மை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இந்த மாதிரி போர்டுகளில் கரண்டு வந்ததும் முதலில் விழிப்பது பூட்லோடர் என்கிற சின்ன நிரல். வீட்டில் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்பிவிடும் ஆள் அது. உள்ளே தூங்கும், பெரிய வேலையெல்லாம் பார்க்கும் லினக்ஸை எழுப்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஆனால் எழுப்புவதற்கு முன் கொஞ்சம் காத்திருக்கும். அந்த இடைவெளியில் யாராவது ஏதாவது ஒரு விசையைத் தட்டினால், என்னைப் போன்ற ஒரு ஆள் அமைப்புகளை மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்து, எவரையும் எழுப்பாமல் கட்டளைக்காகக் காத்து நிற்கும். கட்டளை வராவிட்டால் நின்றுகொண்டே இருக்கும். பச்சை விளக்கு சிமிட்டாது. சைரனும் ஊதாது.

சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது என்றதுமே அது பூட்லோடரில்தான் நின்றிருக்கிறது என்று ஊகித்துவிட்டேன். கேள்வி அதுவல்ல. விசையை யார் தட்டியது? பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் விசைப்பலகையே கிடையாது.

மத்தியானம் அண்ணி வைத்துவிட்டுப் போன சோற்றையும் நெத்திலிச் சம்பலையும் சாப்பிட்டோம். சாப்பிட்டு எழுந்தபோது வெயில் போய்விட்டிருந்தது. சரிவின் மேலே தேயிலை தெரியவில்லை, மூடுபனி இறங்கியிருந்தது. நான் என் ஒயரைப் பிடுங்கிவிட்டு, காலையில் கழற்றிய மழைமானியின் ஒயரை அதே இடத்தில் செருகினேன். எங்கள் பழைய டெக்னீஷியன் செய்த புண்ணியம் அது. போர்டில் ஒயர் செருகும் வாசல் போதவில்லை என்று, நாங்கள் மடிக்கணினி செருகிப் பேசுகிற வாசலிலேயே மழைமானியைக் கோத்து வைத்திருந்தான். ஒன்றைச் செருக வேண்டுமானால் மற்றதைப் பிடுங்க வேண்டும்.

பெட்டியின் சின்ன சுவிட்சை அடைத்துக் கரண்டை நிறுத்தி, மறுபடி திறந்தேன். பச்சை விளக்கு சிமிட்டியது. சரி, போகலாம், பழுதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் துரையிடம் திட்டு வாங்கலாம் என்று கதவை மூடினேன். அப்போதுதான் தூறல் ஆரம்பித்தது. முகத்தில் குளிர்ச்சியாக இரண்டு சொட்டு விழுந்ததும் ஏதோ ஒரு பிடிவாதம் வந்தது. கதவைத் திறந்து சுவிட்சை இன்னொரு தடவை அடைத்துத் திறந்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை வரவில்லை.

காத்திருந்தேன். வரவில்லை.

மழைமானியைப் பிடுங்காமல், போர்டு பேசுவதைக் கேட்கும் ஒற்றைக் கம்பியை மட்டும் மடிக்கணினியில் மாட்டித் திரையைப் பார்த்தேன். பூட்லோடர் கட்டளைக்காகக் காத்து நின்றது. நின்றதோடு புலம்பிக்கொண்டும் இருந்தது. இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது, இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது என்று வரிசையாக வரிகள். தெரியாது என்று அது சொன்ன கட்டளைகள் எல்லாம் எண்கள். மழை அளவு.

மேலே குடுவையில் மழை விழ விழ மழைமானி ஒயரில் எண்ணைச் சொல்கிறது. பூட்லோடர் அதை யாரோ விசையைத் தட்டுவதாக நினைத்து நின்றுவிடுகிறது. வெயிலில் மழைமானி வாய் திறக்காது. அதனால் பெட்டி ஒழுங்காக எழும். நான் மடிக்கணினியைச் செருகினால் மழைமானி வெளியே போய்விடும். அப்போதும் ஒழுங்காக எழும். மழையில் கரண்டு போய் வந்தால் மட்டும் எழாது. மழைக்காகவே மாட்டிய பெட்டியை மழையே தட்டி நிறுத்தியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் சிரிப்பு நின்றது. ஏனென்றால் மழை இப்போது பெய்துகொண்டிருந்தது, பெட்டி இப்போது செத்துக்கிடந்தது, அண்ணன் இங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணே."

"என்னா, எலியா?"

"மழை."

"மழ பேஞ்சா ஊதத்தானே மாட்டுனது?" என்றான்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பூட்லோடருக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு எண் கொடுத்திருப்போம். அதை மாற்ற வேண்டும். சைபர் போதாது, சைபர் கொடுத்தாலும் ஒயரில் ஏதாவது வந்து கிடந்தால் நின்றுவிடும். மைனஸ் ஒன்று கொடுத்தால் எழுப்பவே எழுப்பாது, எப்போதும் கட்டளைக்குக் காத்திருக்கும். மைனஸ் இரண்டு கொடுத்தால் காத்திருக்காது, யார் தட்டினாலும் கேட்காது, நேரே போய் லினக்ஸை எழுப்பும். எனக்கு வேண்டியது மைனஸ் இரண்டு. ஒரு எண் பிசகினால் எல்லாம் தலைகீழ். மைனஸ் இரண்டு கொடுத்தால் மழைக்கு அடைக்கிற அதே கதவு எனக்கும் அடைபடும். அதன் பிறகு லினக்ஸ் எழாமல் போனால் இந்தச் சுவரடியில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது, கழற்றி ஈப்போவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மழைமானியைப் பிடுங்கிவிட்டு என் ஒயரை முழுதாகச் செருகினேன். கணக்கு எனக்குப் புரிந்தே இருந்தது. நான் வேலை செய்து முடிக்கும் வரை பெட்டிக்குக் கண் கிடையாது. குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு எண்ணைத் தட்டினேன். திரையில் மைனஸ் இரண்டு என்று இருப்பதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இன்னும் போர்டின் நிரந்தர நினைவில் எழுதவில்லை. எழுதச் சொல்லும் கட்டளையைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. பிரிஞ்சாங் பக்கம் எங்கோ ஒரு இடி உருண்டது.

பெட்டியில் சிவப்பு விளக்கும் அணைந்தது.

"நாசமாப்போன கரண்டு!" என்று கத்தினேன். இந்த மலையில் மழை வந்தால் கரண்டு போவது புதிதா என்ன? பெட்டிக்குள் இருந்த பாட்டரியும் வீணாகி, மாற்றுப் பாட்டரி இன்னும் வந்து சேரவில்லை. கணினியில் தட்டிய எண் போயிற்று. இதுவாவது பரவாயில்லை. எழுதும் நடுவில் போயிருந்தால் பழைய அமைப்புகள் அத்தனையும் கலைந்து போர்டு எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் கிடந்திருக்கும். ஒரு கணம் முன்னால் கட்டளையைத் தட்டியிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

குடையை நிமிர்த்தும்போது பக்கத்து வீட்டு வாசல் விளக்கு கண்ணில் பட்டது. நேபாளித் தம்பிகள் அதை எப்போதும் அடைக்காமலேதான் வேலைக்குப் போவார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அங்கே கரண்டு இருக்கிறது. இங்கே இல்லை.

உள்ளே ஓடினேன். அண்ணன் ஊன்றுகோலை அக்குளில் கொடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில், முன்கதவுக்கு மேலே இருக்கும் மெயின் சுவிட்சுக்கு நேரே நின்றுகொண்டிருந்தான். கை இன்னும் மேலேயே இருந்தது.

"நீயா அடச்சே?"

"இடி இடிக்குதுல்ல? அடைக்காம? பொட்டி வெந்து போச்சுன்னா அப்பறம் நீதான் அழுவே."

எங்கள் லயத்தில் அது ஒரு சட்டம். முதல் இடி கேட்டதும் வீட்டுக்கு வீடு மெயின் சுவிட்ச் விழும். டிவி ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், அடுப்படியில் கை வைக்க மாட்டார்கள், கண்ணாடிக்குத் துணி போட்டு மூடுவார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு மின்னல் ஒயர் வழியே வந்து எங்கள் வீட்டு டிவியைக் கருக்கி, சுவிட்சில் கை வைத்திருந்த அண்ணனைச் சுவரில் தூக்கி அடித்தது. அன்றிலிருந்து அவன் காது இடிக்கென்றே தீட்டி வைத்த காது. மற்றவர்களுக்குக் கேட்கும் முன்பே அவனுக்குக் கேட்டுவிடும். ஈப்போ அடுக்குமாடியில் இடிதாங்கி இருந்தும் நானும் இன்றுவரை பிளக்கைப் பிடுங்கத்தான் செய்கிறேன். பெட்டிக்குக் கரண்டு இந்த வீட்டிலிருந்துதான் போகிறது என்பது எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் இந்த வீட்டில் வாழ்ந்த எனக்கு, இடி என்றதும் அண்ணன் கை எங்கே போகும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"எப்பவும் அடைப்பியா?"

"அடைக்காம இருப்பனா? இடி கொஞ்சம் தள்ளிப் போனதும் தொறந்து விட்டுருவேன்லா. அத நான் புள்ள மாதிரி பாத்துக்கிறேன், பாப்பா. நீ என்னா நெனச்சே?"

"தொறக்கிறப்ப மழை பேஞ்சுக்கிட்டுதானே இருக்கும்?"

"ஆமா. மழ எங்க நிக்குது?"

"போன ஞாயித்துக்கெழமையும் அடச்சியா?"

மேலே இருந்த அவன் கை மெல்ல இறங்கியது. நான் சொல்லிவிட்டேன். அடக்க முடியவில்லை. இடிக்கு நீ அடைக்கிறாய், மழையில் திறக்கிறாய், மழை அதைத் தட்டி நிறுத்துகிறது, அப்புறம் அது பிணம். நீ ஒவ்வொரு தடவையும் காப்பாற்றிக் காப்பாற்றியே அதைக் கொன்றிருக்கிறாய் என்று கத்தினேன். மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

அண்ணன் முகம் மாறிப்போனது. ஊன்றுகோல் ஆடியது. "அப்ப அன்னைக்கி... ஒங்க அண்ணி துணி அலசிக்கிட்டு இருந்தப்ப... அதோட வாய நாந்தான் அடச்சு வெச்சிருந்தனா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நீ பாதி. மழ ஒயர அங்க கொண்டுபோய்ச் செருகுன கழுத பாதி" என்றேன். "இப்ப தொற."

"இடி இடிக்குதே."

"தொற அண்ணே!"

திறந்தான். பின்பக்கம் போனேன். மழை வலுத்துவிட்டது. கால்வாயில் தண்ணீர் பால் டீ நிறத்தில் போனது. சரிவிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்து தண்ணீரில் விழுந்தன. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆலைக்குப் போன் அடித்தேன். எந்திர இரைச்சலில் யாரும் எடுக்கவில்லை. அண்ணிக்கு அடித்தேன். கொழுந்தை எடை போட்டுக்கொண்டிருக்கிறோம், வந்துவிடுகிறேன் என்றாள்.

"வா, மண்டபத்துக்குப் போலாம்" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"எப்படி? நீ தூக்குவியா? என்ன தூக்கிட்டு நீ அந்தப் படியில ஏறுனா ரெண்டு பேரும் கால்வாய்லதான் கெடப்போம். மொதல்ல பொட்டியப் பாரு!"

அது சரிதான். நேபாளித் தம்பிகளைக் கூப்பிட எங்களிடம் இருந்த ஒரே குரல் அந்தச் சைரன்தான். இப்போதைக்கு லினக்ஸை அப்படியே எழவிட்டால் எழுந்துவிடும். ஆனால் இன்னொரு தடவை கரண்டு சிமிட்டினாலும் மழை மறுபடி அதைத் தட்டி நிறுத்தும். எழுதிவிட வேண்டும். எழுதும்போது கரண்டு போகக்கூடாது.

"அண்ணே, நான் எழுதப் போறேன். நான் சொல்ற வரைக்கும் எது நடந்தாலும் அடைக்காதே. மானம் இடிஞ்சு விழுந்தாலும் அடைக்காதே."

"அடைக்கல. ஆனா இந்தப் பழைய சுவிச்சு சில நேரம் தானா எறங்கும்லா. நான் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ எழுது."

அந்தச் சுவிட்சைப் பிடித்துக்கொண்டா? அவனைச் சுவரில் தூக்கி அடித்த அதே சுவிட்ச். வேண்டாம், கையை எடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஊன்றுகோலின் ரப்பர் முனையால் தாங்கிப் பிடி என்று மட்டும் கத்தினேன்.

போர்டு விழித்தது. இந்தத் தடவை நானே விசையைத் தட்டி நிறுத்தினேன். விரல்கள் விறைத்திருந்தன. மைனஸ். இரண்டு. படித்துப் பார்த்தேன். நனைந்த திரையைச் சட்டையில் துடைத்து மறுபடி படித்தேன். எழுதும் கட்டளையைத் தட்டி, ஒரு மூச்சை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டு, கடைசி விசையை அழுத்தினேன்.

பழைய அமைப்புகளை அழிக்கிறேன் என்றது. அந்தச் சொல் திரையில் வந்து நின்ற அதே நேரத்தில் வானம் வெளுத்தது. தலைக்கு நேர் மேலே இடி விழுந்தது. தகரக்கூரை அதிர்ந்தது. உள்ளே அண்ணன் ஏதோ அலறினான். என் கண் திரையை விட்டு நகரவில்லை. சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. எழுதுகிறேன் என்றது. பிறகு முடிந்தது என்றது.

"முடிஞ்சிருச்சு!"

"அடைக்கவா?"

"அடை! அடச்சுத் தொற!"

என் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மழைமானியின் ஒயரைச் செருகினேன். மெயின் விழும் சத்தம் கேட்டது, ஏறும் சத்தம் கேட்டது. மேலே குடுவை நிறைய நிறைய மழை எண்களைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கும். தட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் தட்டு என்று சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சாமி கும்பிடாத எனக்கு அன்று கை தானாகக் கூடியது.

பச்சை விளக்கு சிமிட்டியது.

கதவுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தபோதே சைரன் ஊதத் தொடங்கியது. காது கிழிந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆலைப்பக்கத்திலிருந்து நேபாளித் தம்பிகள் படிகளில் தாவித் தாவி இறங்கி வந்தார்கள். அண்ணி வேறு பக்கத்திலிருந்து, கொழுந்து வெட்டும்போது இடுப்பில் கட்டும் படங்குத்துணியோடு நனைந்துகொண்டு ஓடி வந்தாள். நாற்காலியைக் கொண்டுவந்து அண்ணனை உட்காரவைத்துத் தூக்கினார்கள். முன்கதவைத் தாண்டும்போது மெயின் சுவிட்ச் அவன் தலைக்கு நேரே வந்தது. மறுபடி ஒரு இடி. அண்ணன் கை பழக்கத்தில் தானாக மேலே போனது. நான் கத்த வாயைத் திறப்பதற்குள் அவனே கையை இழுத்து மடியில் வைத்து, அதன் மேல் இன்னொரு கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

லயத்து ஜனம் முழுக்க மண்டபத்தில் வந்து நின்றது. துணி காயவில்லை என்றும், அடுப்பை அணைக்கவில்லை என்றும், சும்மா ஊதுகிறது என்றும் ஆளுக்கு ஒன்று முனகினார்கள். நான் அண்ணியிடம் நடந்ததை எல்லாம் ஒப்பித்துவிட்டேன். மூச்சிரைக்க நான் சொல்லச் சொல்ல அண்ணி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியில் தலையைக் குனிந்தபடி இருந்தான். கீழே சைரன் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

பிறகு தரை அதிர்ந்தது. அது இடியல்ல. லோரி கல் கொட்டுவது போல நீளமாக ஒரு சத்தம் கேட்டது. சைரன் பாதி ஊதலில் நின்றுவிட்டது.

அண்ணி மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவன் மடியிலிருந்த இரண்டு கைகளையும் விரித்து அவளிடம் காட்டினான்.

"நான் அடைக்கலைம்மா" என்றான்.

வாசலில் நின்றிருந்த நேபாளித் தம்பி கீழே பார்த்துவிட்டு, குசினி போய்விட்டது, பின்சுவர் முழுக்கப் போய்விட்டது என்று மலாயில் கத்தினான். அண்ணி வந்து நாற்காலியடியில் உட்கார்ந்து அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.